பத்மஜாவின் கம்பளிப் பெட்டி

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பான திலக் நகர் சொஸைட்டிக்கு இந்த வருஷம் ஐம்பது வயது. விழா மலர் போடுகிறார்கள். இரண்டாம் மாடி பத்மஜாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று செக்ரெட்டரி என்னிடம் வந்தார். "நல்ல விஷயமா எழுதுங்கோ மாமி" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். பத்மஜாவைப் பற்றி நல்ல விஷயம் எழுத ஒரு பக்கம் போதாது. என்னைப் பற்றிய ஒரு கெட்ட விஷயத்தைச் சேர்க்காமல் அதை எழுதவும் முடியாது. மலருக்கு நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

பத்மஜா வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு கறுப்புத் தகரப் பெட்டி இருக்கிறது. அவள் அப்பா பாலக்காட்டிலிருந்து பம்பாய்க்கு வேலை தேடி வந்தபோது கொண்டுவந்தது. அதற்குள் முழங்காலுக்குக் கீழே வரை வரும் நீலக் கம்பளிக் கோட்டு ஒன்று, தடி ஸ்வெட்டர்கள் ஆறு, உள்ளே போடும் தெர்மல்கள், கையுறை, மஃப்ளர், காது மூடும் தொப்பி எல்லாம் இருக்கும். நடுநடுவே வேப்பிலையும் நாப்தலீன் உருண்டையும். இதற்குக் கம்பளிப் பெட்டி என்று பெயர். பெயர் வைத்தது யார் என்று தெரியாது, ஆனால் ஆறு மாடியிலும் எல்லோருக்கும் தெரியும்.

பம்பாயில் குளிர் என்றால் ஜனவரியில் நாலு நாள் ஃபேனை இரண்டில் வைப்பது. இந்த ஊரில் யார் கம்பளிக் கோட்டு வாங்குவார்கள்? வாங்கினாலும் பீரோவில் எந்த இடத்தில் வைப்பார்கள்? ஆனால் எல்லோருடைய பிள்ளைகளும் குளிர் நாடுகளில்தான் வேலைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். மகளுக்குப் பிரசவம், மகன் வீட்டுக் கிருகப்பிரவேசம் என்று அப்பா அம்மாக்கள் கிளம்பும்போது முதலில் தட்டுவது பத்மஜா வீட்டுக் கதவை.

இது ஆரம்பித்தது தொண்ணூற்றெட்டில். அவள் தம்பி வெங்கி நியூ ஜெர்ஸியிலிருந்து டிசம்பரில் வந்தான். விமானத்தில் போட்டுக்கொண்டு வந்த நீலக் கோட்டைத் திரும்பிப் போகும்போது கனமாக இருக்கிறது, அங்கே வேறு இருக்கிறது என்று இங்கேயே போட்டுவிட்டுப் போனான். அடுத்த வருஷம் முதல் மாடி நாணு மாமா சிகாகோவுக்குப் போகிறார் என்று தெரிந்து, பத்மஜா தானே போய் அதைக் கொடுத்தாள்.

நாணு மாமா மூன்று மாதம் கழித்து வந்தார். நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து பாத்திரம் வாங்கினால் வெறுமனே திருப்பித் தர மாட்டோம், ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவோம். கோட்டை எப்படி வெறுமனே தருவது என்று மாமாவுக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு பையில் இரண்டு சாக்லேட் போட்டார். அதோடு அவர் போன பஸ் டிக்கெட், ஏதோ கடை ரசீது, பேத்தி பூங்காவில் பொறுக்கிக் கொடுத்த சிவப்பு இலை ஒன்று, எல்லாம் அவர் கவனிக்காமலே மற்றப் பையில் கிடந்தன. சாக்லேட்டை பத்மஜா அன்றைக்கே குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டாள். மற்றதை என்ன செய்தாள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

அதற்கப்புறம் அவளிடம் ஒரே ஒரு சட்டம். "தோய்க்காம கொண்டா. நான் பாத்துக்கறேன்." கம்பளியைக் கண்டபடி நனைத்தால் சுருங்கிவிடும் என்பதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டோம். எங்கள் மூளை அவ்வளவுதான் வேலை செய்தது.

கோட்டு திரும்பி வந்தால் போதாது, ஆளும் வந்து உட்கார வேண்டும். காப்பி கொடுத்துவிட்டுக் குறுக்கு விசாரணை ஆரம்பிப்பாள். "எங்க குளுந்தது? காதா, கணுக்காலா, விரலா? நிக்கறச்சேயா, நடக்கறச்சேயா?" பதிலை ஆபீஸ் டயரியில் குறித்துக்கொள்வாள். இருபத்தைந்து வருஷத்தில் அவளுக்குத் தெரியாத குளிர் இல்லை. டொராண்டோவில் மார்ச் மாதத்தில் தெருவில் என்ன காற்று, லண்டனில் ஜூனில் மாலை ஸ்வெட்டர் வேண்டுமா, எல்லாம் வாயில் இருக்கும். "உள்ள ஒட்டணும், நடுவுல தளரணும், வெளியில காத்து நுழையப்படாது" என்பாள். ஒரே தடி ஸ்வெட்டரை நம்பிப் போகிறவர்களை முட்டாள்கள் என்று முகத்துக்கு நேரேயே சொல்வாள்.

இவ்வளவும் சொன்னவள் பார்த்த அதிகபட்சக் குளிர் மகாபலேஷ்வர். ஆபீஸ் பிக்னிக், ஒரு நாள்.

ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். கல்யாணம் நடக்கவில்லை. நடக்கவில்லை என்று சொல்வது சுலபம். அப்பா சீக்கிரம் போய்விட்டார், வெங்கி படிக்க வேண்டியிருந்தது, வெங்கி படித்து முடித்தபோது இவளுக்கு முப்பத்தைந்து. வெங்கி அக்காவை அமெரிக்காவுக்கு அழைத்தான். இரண்டு முறை விசாவுக்குப் போனாள், இரண்டு முறையும் கிடைக்கவில்லை. மூன்றாவது முறை போவதற்குள் அம்மா பக்கவாதத்தில் விழுந்து படுத்துவிட்டாள். அந்தப் படுக்கை பன்னிரண்டு வருஷம். காலையில் அம்மாவைத் துடைத்து, உடுத்தி, ஊட்டிவிட்டு எட்டு பதினேழு லோக்கல் ரயிலைப் பிடிப்பாள். கம்பளிப் பெட்டி அம்மா படுத்திருந்த கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. யாராவது கோட்டு கேட்டு வந்தால், அம்மாவின் கால் மாட்டில் குனிந்து பெட்டியை இழுப்பாள்.

அவள் பெட்டி எங்கள் சொஸைட்டிக்கு மட்டும் ஆனதல்ல. தாராவியில் இருக்கும் ஜெயசீலி அவள் ஆபீஸில் பியூனாக இருந்தவள். அவள் மகன் ஸ்டெர்லின் கனடாவில் வின்னிபெக்கில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்துப் போனபோது இந்த நீலக் கோட்டுத்தான் போயிற்று. இரண்டு குளிர்காலம் அங்கே இருந்துவிட்டு, ஊர் வந்த ஒருவர் கையில் திரும்பி வந்தது. ஜெயசீலி கொண்டுவந்து கொடுத்த அன்று நானும் அங்கே இருந்தேன்.

"எக்கா, எம் புள்ள துவைக்காமத்தான் அனுப்பியிருக்கான். ஒங்க சட்டம் அவனுக்குத் தெரியும்லா" என்றாள் ஜெயசீலி. "பையில என்னமோ வச்சிருக்கேன்னு போன்ல சொன்னான். நான் தொடல."

பத்மஜா சிரித்துக்கொண்டே கோட்டை வாங்கி உள்ளே எடுத்துப் போனாள். நெடுநேரம் வெளியே வரவில்லை. பால் பொங்கும் வாசனை வந்து, நான் போய் அடுப்பை அணைத்தேன்.

அம்மா இரண்டு வருஷத்துக்கு முன் போனாள். வருஷத் திவசம் முடிந்து, போன வருஷம் பிப்ரவரியில் ஒரு நாள் பத்மஜா என் வீட்டுக்கு ஒரு நோட்டீஸை எடுத்துக்கொண்டு வந்தாள். செம்பூரில் கணேசபாண்டியன் என்று ஒருவர் டிராவல்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் ஏற்பாடு செய்யும் கப்பல் பயணம். லிஸ்பனில் ஏறி, ஆம்ஸ்டர்டாம் வழியாக, நார்வேயின் வடக்கு முனை வரை. பதினாறு நாள்.

"லிஸ்பன்ல நம்ம ஊர் மாதிரி வெயில். ஆம்ஸ்டர்டாம்ல மழை. அப்பறம் மேல போகப் போக ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டுக்கணும்" என்றாள். "ஷ்யாமு, நீ வரியா? கேபின் ரெண்டு பேருக்காம். தனியா போனா ரெண்டு பேர் காசும் நானே குடுக்கணும். என்னால முடியாது."

அறுபத்தாறு வயதில் அவள் முகம் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் முகமாக இருந்தது. என் கணவர் ஜெயராமுக்குக் கப்பல் என்றாலே தலை சுற்றும் என்று நினைத்தேன். நான் வருகிறேன் என்றேன். இரண்டு பேர் பெயரையும் கொடுத்தோம். முன்பணம் கட்டினோம். பத்மஜா பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாள். பரேலில் சாலையோரம் ஸ்வெட்டர் விற்கிறவர்கள் கடையைக் கட்டுவதற்குள் போய், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு ஜோடி தெர்மல் வாங்கினாள். மரூன் நிறம். என்னிடம் கொண்டுவந்து காட்டிவிட்டு, "வயசுக்கு மீறின கலரோ?" என்று கேட்டாள்.

மார்ச்சில் புனேயிலிருந்து என் மகள் ரஞ்சனா ஃபோன் பண்ணினாள். எங்களுக்குக் கல்யாணம் ஆகி நாற்பது வருஷம் ஆகிறது, அப்பாவுக்கும் டிக்கெட் நான் போடுகிறேன், அம்மாவும் அப்பாவும் சேர்ந்து போங்கள் என்றாள். தலை சுற்றும் மனிதர் அன்று மாலையே குளிர்க் கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

பத்மஜாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். வாசலிலேயே நின்று சொன்னேன், உள்ளே போய் உட்காரத் தைரியம் இல்லை.

அவள் கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள். "அதனால என்ன. அண்ணா வரட்டுமே. நாப்பது வருஷம்னா சும்மாவா?" என்றாள். "கணேசபாண்டியன் யாராவது ஒரு லேடீஸைத் தேடித் தருவார். கிடைக்கலேன்னா அடுத்த வருஷம்."

யாரும் கிடைக்கவில்லை. பத்து நாள் கழித்துக் கணேசபாண்டியன் எனக்கு ஃபோன் பண்ணினார்.

"மேடம், மூணு கட்டில் உள்ள ரூம் ஒண்ணு கேன்சலாகி வந்திருக்கு. மொதல்ல ஒங்க கூட வர்றதா இருந்தாங்கல்லா, அந்தம்மாவையும் சேத்துக்கிடலாமா? ரேட்டும் கம்மிதான். நாளைக்குள்ள சொல்லிருங்க, இல்லன்னா போயிரும்."

இந்த இடத்தில் என் கணவர் மேல் பழியைப் போட்டுவிடலாம். ஒரே அறையில் எப்படி, அவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று எழுதிவிடலாம், படிக்கிறவர்களும் நம்பிவிடுவார்கள். ஆனால் நான் அவரிடம் கேட்கவே இல்லை. எனக்கே வேண்டாம் என்று தோன்றியது. பத்மஜா கூட இருந்தால் எந்தப் பலகணியில் நின்றாலும் முதலில் நின்றது அவளாகத்தான் இருக்கும், எதைப் பார்த்தாலும் அவள் கண்தான் அகலமாக விரியும். நான் அவளுக்குத் துணைக்குப் போன மாதிரி ஆகிவிடும். நாற்பது வருஷத்தில் ஒரு பதினாறு நாளாவது எனக்கென்று இருக்கட்டுமே என்று நினைத்தேன். கணேசபாண்டியனிடம், "அவாளுக்கு இப்போ சௌகரியப்படாதாம்" என்று சொல்லிவிட்டேன். பத்மஜாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மே மாதக் கடைசியில் கிளம்புவதற்கு முன் மூன்று நாள் சாயங்காலம் அவள் வீட்டில் எனக்குப் பெட்டி அடுக்கினாள். நான் மறுத்தேன். "உனக்கு என்ன தெரியும்? நீ நாலு பட்டுப் புடவை எடுத்துண்டு போய் ஜுரத்தோட வருவ" என்று சொல்லி, என் சூட்கேஸைத் தானே தூக்கிக்கொண்டு போனாள்.

அவள் அடுக்குகிற விதம் வேறு. எல்லோரும் பிளவுஸ் ஒரு பக்கம், ஸ்வெட்டர் ஒரு பக்கம் என்று வைப்போம். அவள் ஊர் ஊராக மூட்டை கட்டுவாள். அம்மாவின் பழைய ஒன்பது கஜப் பருத்திப் புடவையைக் கிழித்து வைத்திருந்தாள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு ஊருக்கான உடுப்பு, அடியிலிருந்து மேல் வரை போடுகிற வரிசையிலேயே. முடிச்சில் ஒரு சீட்டுச் சொருகியிருக்கும். கடைசியில் போகிற ஊர் பெட்டியின் அடியில், முதல் ஊர் மேலே. "தேடப்படாது. கப்பல்ல ரூம் சின்னது. பெட்டியைக் கலைச்சா அதோட போச்சு" என்றாள். ஷூவுக்குள் சாக்ஸைத் திணித்தாள், தொப்பிக்குள் கையுறையைச் சுருட்டி வைத்தாள். கோட்டை மட்டும் பெட்டியில் வைக்கவில்லை, கையில் போட்டுக்கொண்டு போகச் சொன்னாள்.

முதல் நாள் நான் வீட்டுக்குக் கிளம்பும்போது கேட்டாள்: "வேற ஏதாவது சொல்லணுமா ஷ்யாமு? விட்டுப் போனது ஏதாவது?"

"ஒண்ணும் இல்லையே" என்றேன்.

இரண்டாம் நாள், ஜெயராமின் ஸ்வெட்டரை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் அதையே கேட்டாள். ஒன்றும் விட்டுப்போகவில்லை என்றேன். மூன்றாம் நாள் சூட்கேஸை மூடி, அதன் மேல் முழங்காலை ஊன்றி ஜிப்பை இழுத்தாள். மூடியதும் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"எல்லாம் ஆயிடுத்து. இன்னும் ஏதாவது இருந்தா இப்போ சொல்லு. திறந்துடலாம்."

"இல்லடி பத்மஜா. எல்லாம் இருக்கு."

"சரி" என்று எழுந்துவிட்டாள். கேட்பது சாமான்களைப் பற்றி என்றுதான் நினைத்தேன்.

கப்பலைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. அது நன்றாகத்தான் இருந்தது. லிஸ்பன் மூட்டையில் பருத்தி சல்வாரும் குடையும் இருந்தன. ‘வெயில்னு ஏமாறாதே. சாயங்காலம் ஆத்தங்கரைக் காத்து. துப்பட்டாவை விட்டுட்டுப் போகாதே’ என்று சீட்டில் எழுதியிருந்தாள். சாயங்காலம் காற்று வந்தது. ஆம்ஸ்டர்டாமில் மழை வரும் என்றாள், வந்தது. ஒவ்வொரு ஊரிலும் காலையில் ஒரு முடிச்சை அவிழ்த்தால் போதும், எங்களைச் சுற்றியிருந்தவர்கள் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடிக்கொண்டிருக்கையில் நாங்கள் உடுத்தி முடித்துக் காப்பிக்குப் போய்விடுவோம். ஜெயராம் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

கடைசி மூட்டை வடக்கு முனைக்கு. அதை அவிழ்த்தபோது மேலே ஒரு ஜோடி மரூன் தெர்மல் இருந்தது. விலைச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் என்னைவிட ஒரு சாண் உயரம். எனக்குக் கால் நீளமாக இருந்தது, மடித்துவிட்டுக்கொண்டேன். சீட்டில், ‘இன்னிக்குக் கஞ்சத்தனம் பண்ணாம எல்லாத்தையும் போட்டுக்கோ. மஃப்ளரைக் காது மேல கட்டு, அழகு பாக்காதே. முனையில போய்க் கொஞ்ச நேரம் நில்லு’ என்று எழுதியிருந்தது.

காற்று ஆளைத் தள்ளியது. கீழே கடல் ஈய நிறத்தில் கிடந்தது. ஜெயராமுக்குக் கண்ணில் தண்ணீர் வந்து, மூக்கு ஒழுகி, உள்ளே போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தார். நான் வேலிக்கம்பியைத் தொட்டுவிட்டு, ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொண்டு, அவரோடு காப்பிக் கடைக்குள் போய்விட்டேன். இரண்டு நிமிஷம் நின்றிருப்பேனா என்பது சந்தேகம். அந்தக் குளிரிலும் என் உடம்பில் எங்கேயும் குளிர் தெரியவில்லை.

ஜூன் நடுவில் திரும்பினோம். கோட்டைத் திருப்பித் தர வேண்டும். கையில் எடுத்துப் பார்த்தேன். கப்பலின் சாப்பாட்டுக் கூடத்து மீன் வாசனை ஏறியிருந்தது. ஒரு கையில் ஜெயராம் சூப்பைச் சிந்தியிருந்தார். பூஜை அலமாரி இருக்கிற அறையில் கட்டிலுக்கு அடியில் அந்தப் பெட்டியை வைத்திருக்கிறவளிடம் மீன் வாசனையோடு எப்படிக் கொடுப்பது? தோய்க்காதே என்றுதான் சொன்னாள், டிரை கிளீனிங் தோய்ப்பது ஆகாதே என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் வேறு ஒன்று இருந்தது. அந்த மூன்றாவது கட்டில் உறுத்திக்கொண்டிருந்தது. பளபளவென்று கொண்டுபோய்க் கொடுத்தால் ஏதோ கொஞ்சம் தீரும் போல இருந்தது.

மாட்டுங்காவில் நல்ல கடையாகப் பார்த்துக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த ராஹில் என்பவர், "பாக்கெட் காலி கர் தியா மேடம்?" என்று கேட்டார். பைகளைக் காலி செய்யவில்லை. அங்கேயே நின்றுகொண்டு இரண்டு வெளிப் பை, ஓர் உள்பை, மூன்றிலும் கையை விட்டு இருந்ததையெல்லாம் அள்ளினேன். கவுண்டருக்குக் கீழே இருந்த குப்பைக் கூடையில் போட்டேன். பின்னால் ஆள் நின்றுகொண்டிருந்தது, அவசரம்.

நாலாம் நாள் கோட்டு புதிது போல வந்தது. பெரிய சாக்லேட் டப்பா ஒன்று, நார்வேயில் வாங்கிய வெள்ளிப் பூச்சுக் கிண்ணம் ஒன்று, இரண்டையும் எடுத்துக்கொண்டு பத்மஜா வீட்டுக்குப் போனேன். நல்ல மழை. அவள் காப்பிக்கு டிகாக்ஷன் போட்டு வைத்துக் காத்திருந்தாள். சாப்பாட்டு மேஜை மேல் டயரியும் பேனாவும் எடுத்து வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின், மூடி திறந்து இருந்தது.

சாக்லேட்டையும் கிண்ணத்தையும் வாங்கி ஓரமாக வைத்தாள். பிளாஸ்டிக் உறையைக் கிழித்துக் கோட்டை வெளியே எடுத்தாள். எடுத்ததும், பழக்கத்தில் கை தானாக இடது பைக்குள் போயிற்று. பிறகு வலது பை. பிறகு உள்பை. அங்கிருந்து கடைக்காரர்கள் பின் குத்தி வைத்த ஒரு சின்ன நம்பர்ச் சீட்டு வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"நன்னா சுத்தமா இருக்கு" என்றாள்.

அப்போதுதான் நான் அந்த டின்னுக்குள் பார்த்தேன். ஆபீஸ் பழுப்பு உறைகள், நெருக்கமாக, நூலகத்துக் கார்டு மாதிரி நிற்க வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் மேலும் அவள் கையெழுத்து. ‘நாணு மாமா, சிகாகோ, 1999.’ ‘ஸ்டெர்லின், வின்னிபெக்.’ யார் யாரோ, எந்தெந்த ஊரோ. நாணு மாமா உறையின் வாய் திறந்திருந்தது. அதற்குள் பஸ் டிக்கெட், மை போன ரசீது, நரம்பு மட்டும் மிஞ்சிய ஓர் இலை. வின்னிபெக் உறையில் ஒரு சின்ன நெகிழிப் பை, அதற்குள் கொஞ்சம் தண்ணீர்க் கறையும் ஒரு துண்டுக் காகிதமும். ஸ்டெர்லின் எழுதியிருந்தான்: ‘அத்தை, இது பனி. வரதுக்குள்ள உருகியிருக்கும்.’

இருபத்தைந்து வருஷமாகத் தோய்க்காமல் கொண்டுவா என்று அவள் சொன்னது இதற்குத்தான். எங்கள் எல்லோருடைய பைகளிலும் கிடந்த குப்பையில்தான் அவள் ஊர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டின்னுக்கு வெளியே, டயரியின் மேல் ஒரு புது உறை தனியாக இருந்தது. ‘பத்மஜா, நார்வே’ என்று எழுதி, பத்மஜாவை ஒரே கோடாக அடித்து, மேலே ‘ஷ்யாமளா’ என்று எழுதியிருந்தாள். அதன் வாய் திறந்து, தயாராக இருந்தது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றினாள். "போகட்டும். பையில என்ன இருந்ததுன்னு சொல்லு. எழுதி வெச்சுக்கறேன்."

நான் யோசித்தேன். கை நிறைய இருந்தது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, கை நிறைய அள்ளினேன். லிஸ்பனில் டிராமில் போனோம், அந்த டிக்கெட் இருந்திருக்கலாம். முனையில் காப்பி குடித்தோம், அந்த ரசீது இருந்திருக்கலாம். கல் ஏதாவது பொறுக்கினேனா? ஒன்று கூடக் கண் முன்னால் வரவில்லை. குப்பைக் கூடையும், பின்னால் நின்ற ஆளும்தான் வந்தது.

"ஏதோ பேப்பர்" என்றேன்.

அவள் எழுதவில்லை. இனிமேல் எதை மறைத்து என்ன ஆகப்போகிறது என்று வாயைத் திறந்துவிட்டேன்.

"பத்மஜா, கணேசபாண்டியன் மார்ச்சுல எனக்கு ஃபோன் பண்ணினார். மூணு கட்டில் இருக்கற ரூம் ஒண்ணு..."

"தெரியும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். "உனக்குப் பண்ணினதுக்கு மறுநாள் எனக்கும் பண்ணினார். என்னம்மா, சௌகரியப்படாதாமேன்னு கேட்டார். ஆமாம், சௌகரியப்படாதுன்னு சொன்னேன்."

"அப்பறம் ஏன் நீ எங்கிட்ட..."

"மூணு நாள் கேட்டேனே ஷ்யாமு."

சூட்கேஸின் மேல் உட்கார்ந்து அவள் கேட்டது காதில் விழுந்தது. இன்னும் ஏதாவது இருந்தா இப்போ சொல்லு, திறந்துடலாம். கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது டிக்கெட்டும் விசாவும் எங்கே கிடைக்கப் போகிறது? வருவதற்காக அவள் கேட்கவில்லை. சொல்கிறேனா என்று பார்த்திருக்கிறாள்.

நான் அழுதேன். அவள் எழுந்து வந்து என் முதுகில் ஒரு தடவை கையை வைத்தாள், எடுத்துவிட்டாள். "காப்பி ஆறறது, குடி" என்றாள். குடித்தேன். அவள் கோட்டை உதறி, வேப்பிலைக்கு நடுவில் மடித்துப் பெட்டியில் வைத்தாள். ஆகஸ்டில் மூன்றாம் மாடி சுனிதா மகனிடம் மெல்போர்ன் போகிறாளாம், அங்கே அது குளிர்காலமாம், கோட்டு வேண்டுமாம்.

பிறகு மேஜைக்கு வந்து அந்த உறையை எடுத்தாள். பெயருக்குக் கீழே வருஷத்தை எழுதினாள். உள்ளே ஒன்றும் வைக்காமலே வாயை நாக்கில் நனைத்து ஒட்டி, மற்ற உறைகளுக்குப் பின்னால் நிற்க வைத்து, டின்னை மூடினாள்.